ஓர் ஆற்றின் நாளைய நீரைக் கணக்கிடுவது எப்படி? நீர் வல்லுநர்களுக்கான முதல் பாடங்கள்

1922-இல் அமெரிக்காவின் மேற்குப் பகுதியைச் சேர்ந்த ஏழு மாநிலங்கள் கூடி, கொலராடோ ஆற்றின் நீரைப் பங்கு பிரித்துக்கொண்டன. மேல்படுகைக்கு ஆண்டுக்கு 75 லட்சம் ஏக்கர் அடி, கீழ்ப்படுகைக்கும் 75 லட்சம் ஏக்கர் அடி. ஒரு ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் ஒரு ஏக்கர் அடி. சுமார் 1,233 கன மீட்டர். பிறகு 1944-இல் மெக்சிகோவுக்கு 15 லட்சம் ஏக்கர் அடி தருவதாக உடன்படிக்கை ஆனது. பங்கு பிரித்தவர்கள் கையில் அன்று இருந்தவை சில பத்தாண்டுகளின் அளவீடுகள் மட்டுமே. அந்த ஆண்டுகளோ வழக்கத்தைவிட ஈரமானவை. பின்னாளில் மரங்களின் ஆண்டு வளையங்களை அளந்து பல நூற்றாண்டுகளின் நீர்வரத்தைக் கணித்தபோதுதான், ஆற்றில் இல்லாத நீரையும் சேர்த்துப் பங்கு போட்டிருக்கிறார்கள் என்பது தெரிந்தது. 2000-க்குப் பிறகு வறட்சி நீண்டது, வெப்பமும் கூடியது. 2021 ஆகஸ்டில், வரலாற்றில் முதல்முறையாக, அந்தக் கீழ்ப்படுகைக்கு அதிகாரபூர்வமாக நீர்ப் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டது.

இதில் இரண்டு பிழைகள் ஒன்றாகப் பின்னியிருக்கின்றன. குறுகிய கால அளவீட்டை ஆற்றின் இயல்பு என்று எடுத்துக்கொண்டது ஒன்று. நேற்று ஓடியதுதான் நாளையும் ஓடும் என்று நம்பியது இன்னொன்று. காலநிலை மாற்றம் ஓர் ஆற்றுப்படுகையை என்ன செய்யும் என்று மதிப்பிட நீர் வல்லுநர்களைப் பழக்குவது என்றால், இந்த இரண்டு பிழைகளும் எப்படி நேர்கின்றன என்று புரியவைப்பதுதான் முதல் வேலை. மென்பொருளில் எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் வர வேண்டும். பல பயிற்சிகளில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது என்பது என் வருத்தம்.

சரி, அடிப்படையிலிருந்து தொடங்குவோம்.

படுகையின் வரவு செலவு

மலைமுகட்டில் ஒரு மழைத்துளி விழுகிறது. இந்தப் பக்கம் உருண்டால் ஓர் ஆற்றுக்குப் போகும், அந்தப் பக்கம் உருண்டால் வேறோர் ஆற்றுக்குப் போகும். ஓர் ஆற்றுக்கு நீரைக் கொண்டுவந்து சேர்க்கும் நிலப்பரப்பு முழுவதும் அதன் படுகை. நாட்டின் எல்லையோ மாவட்ட எல்லையோ இதற்குத் தெரியாது. அதனால்தான் நீர்க் கணக்கைப் படுகை அளவில் போடுகிறோம்.

அந்தக் கணக்கு வீட்டு வரவு செலவு போலத்தான். வரவு மழையும் பனியும். செலவு இரண்டு வகை: மண்ணிலிருந்தும் நீர்நிலைகளிலிருந்தும் ஆவியாகிப் போவதும், செடிகொடிகள் இலை வழியே வெளிவிடுவதும் ஒரு வகை, ஆற்றில் ஓடுவது மற்றது. மிச்சம் இருந்தால் நிலத்தடியிலும் ஏரிகளிலும் சேமிப்பாகும்.

ஒரு படுகையில் ஆண்டுக்கு 1,000 மி.மீ. மழை பெய்வதாக வைத்துக்கொள்வோம். அதில் 700 மி.மீ. ஆவியாகிறது, மீதி 300 மி.மீ. ஆறாக ஓடுகிறது. இப்போது மழை 10 சதவீதம் குறைகிறது. ஆறும் 10 சதவீதம்தான் குறையும் என்று தோன்றும் அல்லவா? அப்படி நடப்பதில்லை. 900 மி.மீ. மழையில் மண்ணும் செடிகளும் தங்கள் தேவையை முதலில் எடுத்துக்கொள்கின்றன. 700 என்பது 670 ஆகலாம். ஆற்றுக்கு மிஞ்சுவது 230. அதாவது ஓட்டம் 23 சதவீதம் குறைந்துவிட்டது. ஆறு என்பது எல்லாச் செலவும் போக மிஞ்சும் தொகை; வரவில் சின்ன அடி விழுந்தாலும் மிச்சத்தில் அது பெரிதாகத் தெரியும்.

இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஆனால் போக்கு உண்மையானது. ஆஸ்திரேலியாவில் 200-க்கும் மேற்பட்ட நீர்ப்பிடிப்புப் பகுதிகளை ஆராய்ந்தபோது, மழையில் 1 சதவீத மாற்றம் ஆற்றோட்டத்தில் பெரும்பாலும் 2 முதல் 3.5 சதவீத மாற்றத்தை உண்டாக்குவது தெரிந்தது. இன்னொன்றும் கவனியுங்கள்: மழை அப்படியே 1,000 மி.மீ. பெய்து, வெப்பத்தால் ஆவியாவது மட்டும் 700-இலிருந்து 721 ஆனால்கூட, ஆறு 7 சதவீதம் இளைத்துவிடும். மழை குறையாமலே ஆறு குறையலாம் என்பதைப் புதிதாகப் பயில்பவர் தன் கையால் இப்படி ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தால் பிறகு மறக்கமாட்டார்.

வெப்பம் ஆற்றை எங்கெல்லாம் தொடுகிறது

காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடானால் அது தாங்கக்கூடிய ஈரப்பதம் சுமார் 7 சதவீதம் கூடும். பெய்யும்போது கொட்டித் தீர்ப்பதற்கும், பெய்யாத நாட்களில் மண்ணை உறிஞ்சி எடுப்பதற்கும் இந்த ஒரே இயற்பியல்தான் காரணம். அதனால் ஒரே படுகையில் வெள்ளமும் வறட்சியும் சேர்ந்தே தீவிரமாகலாம். இதில் முரண் எதுவும் இல்லை.

பனி விழும் மலைகளில் கதை வேறு. அங்கே பனி ஓர் இயற்கை அணை. குளிர்காலத்தில் சேர்த்துவைத்து, தேவை கூடும் கோடையில் மெல்லத் திறந்துவிடும். வெப்பம் கூடினால் பனியாக விழ வேண்டியது மழையாக விழுந்து அப்போதே ஓடிவிடும். விழுந்த பனியும் முன்கூட்டியே உருகும். ஆண்டு மொத்தம் மாறாமல் இருக்கலாம், ஆனால் பயிருக்குத் தேவைப்படும் மாதத்தில் ஆற்றில் நீர் இருக்காது. ஆண்டுச் சராசரியை மட்டும் பார்க்கும் மதிப்பீடு இந்த இடத்தில் முழுதாகத் தவறிப்போகும்.

பனிப்பாறைகளின் விஷயத்தில் ஒரு பொறி உண்டு. பாறை வேகமாக உருகத் தொடங்கும்போது ஆற்றில் நீர் முதலில் கூடும். சில பத்தாண்டுகளில் உச்சத்தைத் தொட்டு, பாறை சிறுத்த பிறகு இறங்கத் தொடங்கும். ஏறும் காலத்தில் அளந்தவருக்கு அது நல்ல செய்தியாகத் தெரியும். அந்த ஏற்றத்தை நம்பிப் புதிய பாசனப் பரப்பைத் திறந்தால், இறங்கும் காலத்தில் அத்தனை பேரும் தவிப்பார்கள்.

கடலோர முகத்துவாரங்களில் கடல்மட்டம் உயர்ந்து உப்பு உள்ளே வருவது, சூடான நீரில் உயிர்வளி குறைவது, தாழ்ந்த நீரில் படகுப் போக்குவரத்து நிற்பது என்று பட்டியல் நீளும். 2018 அக்டோபரில் ஜெர்மனியின் காவுப் அளவை நிலையத்தில் ரைன் ஆற்றின் நீர்மட்டம் 25 செ.மீ. வரை இறங்கியது. ஆற்றின் உண்மையான ஆழம் அதைவிட அதிகம்தான். அளவுகோலின் பூஜ்ஜியம் ஆற்றுத் தரையில் வைக்கப்படுவதில்லை. ஆனாலும் சரக்குப் படகுகள் தங்கள் கொள்ளளவில் சிறு பகுதியைத்தான் ஏற்றிப் போக முடிந்தது.

பழைய அளவுகோல் ஏன் போதாது

நீர்ப் பொறியியல் நெடுங்காலமாக ஓர் எண்ணத்தின் மேல் நின்றது. ஆறு ஆண்டுக்கு ஆண்டு ஏறும், இறங்கும், ஆனால் அந்த ஏற்ற இறக்கத்தின் எல்லைகள் மாறாது என்பதுதான் அது. அணையின் மதகு, பாலத்தின் உயரம், கரையின் பலம் எல்லாமே இப்படித்தான் கணக்கிடப்பட்டன. 2008-இல் அறிவியல் இதழ் ஒன்றில் நீரியலாளர்கள் சிலர், இந்த மாறாநிலை செத்துவிட்டது என்றே தலைப்பிட்டு எழுதினார்கள். நீர்த்துறையில் பெரிய விவாதத்தைக் கிளப்பிய கட்டுரை அது.

‘நூறாண்டு வெள்ளம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் என்று பலர் நினைக்கிறார்கள். எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளம் என்பதுதான் பொருள். அப்படிப் பார்த்தால் 30 ஆண்டுகளில் ஒருமுறையாவது அது வருவதற்கு 26 சதவீத வாய்ப்பு. அதுவும் நேற்றைய காலநிலையில்! வெப்பம் கூடக்கூட அந்த 1 சதவீதம் 2 ஆகலாம், 3 ஆகலாம். சில இடங்களில் குறையவும் செய்யலாம். எங்கே எது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் பயிற்சி தேவைப்படுகிறது.

மதிப்பீட்டுச் சங்கிலி

வழக்கமான மதிப்பீடு ஒரு சங்கிலி போல நடக்கும். உலகம் எவ்வளவு பசுங்குடில் வாயுக்களை வெளிவிடும் என்ற பாதைகள் முதல் கண்ணி. ஐபிசிசி அறிக்கைகளில் வரும் பாதைகள்தான் இவை. காலநிலை மாற்றத்துக்கென 1988-இல் தொடங்கப்பட்ட அந்த அரசுகளுக்கிடையேயான குழு, பல்லாயிரம் ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுகிறது. அடுத்து உலகக் காலநிலை மாதிரிகள், அதாவது காலநிலை எப்படி நடந்துகொள்ளும் என்று கணினியில் கணக்கிட்டுப் பார்க்கும் நிரல்கள். இவை பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. ஒரு கட்டத்தின் பக்கம் பெரும்பாலும் 100 கி.மீ. அளவில் இருக்கும். யோசித்துப் பாருங்கள், ஒரு மலைத்தொடரும் அதன் மழைமறைவுப் பகுதியும் ஒரே கட்டத்துக்குள் தட்டையாக அடங்கிவிடும். அதனால் அந்த முடிவைப் படுகையின் அளவுக்கு நுணுக்க வேண்டும். சிறிய பரப்புக்கான வட்டார மாதிரியை ஓட்டுவது ஒரு வழி. பெரிய அளவிலான காற்றழுத்தத்துக்கும் உள்ளூர் மழைக்கும் உள்ள தொடர்பைப் புள்ளியியல் மூலம் பிடிப்பது இன்னொரு வழி.

அப்புறம் சார்புப் பிழையைத் திருத்த வேண்டும். காலநிலை மாதிரிகள் பலவற்றுக்கு ஒரு பழக்கம்: கனமழை நாட்கள் குறைவாகவும், தூறல் நாட்கள் மிக அதிகமாகவும் காட்டும். உண்மையான மழைமானி அளவீட்டோடு ஒப்பிட்டு இதைச் சரிசெய்வார்கள். இங்கே பயில்பவர் ஒரு விஷயத்தை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இந்தத் திருத்தம் மாதிரியின் விடையைத்தான் மாற்றுகிறது, அதன் புரிதலை மாற்றுவதில்லை. பருவக்காற்று வரும் நேரத்தையே தவறாகக் காட்டும் மாதிரியை எவ்வளவு திருத்தினாலும் அது நம்பகமாகிவிடாது.

திருத்திய மழையும் வெப்பமும் நீரியல் மாதிரிக்குள் போகின்றன. அமெரிக்க வேளாண்மைத் துறையில் உருவான ஸ்வாட், ஸ்வீடனில் 1970-களில் உருவான ஹெச்பிவி, அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவின் ஹெச்இசி-ஹெச்எம்எஸ் ஆகியவை பரவலாகப் பயன்படுபவை. மழை விழுந்தால் எவ்வளவு மண்ணில் இறங்கும், எவ்வளவு ஆவியாகும், எவ்வளவு எப்போது ஆற்றை அடையும் என்று இவை கணக்கிடும். அதற்குப் பிறகு அந்த நீரை நகரம், பாசனம், மின்சாரம், மீன்வளம் என்று பகிர்ந்து பார்க்கும் மாதிரி வரும். வீப் என்ற மென்பொருள் அந்த வகை.

நீரியல் மாதிரியை அப்படியே ஓட்ட முடியாது. வீணையைச் சுருதி சேர்ப்பது போல, அதன் திருகுகளை, அதாவது உள்ளே நாம் மாற்றக்கூடிய எண்களை, இந்த ஆற்றுக்கு ஏற்றபடி சேர்க்க வேண்டும். மாதிரி காட்டும் ஓட்டமும் ஆற்றில் அளந்த ஓட்டமும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்க்க 1970-இல் நாஷ், சட்கிளிஃப் இருவரும் தந்த அளவீடு இன்றும் புழக்கத்தில் உள்ளது. 1 வந்தால் முழுப் பொருத்தம். 0 வந்தால், மாதிரியை ஓட்டியதற்குப் பதில் சராசரியையே எழுதியிருக்கலாம் என்று பொருள்.

பயில்பவர்கள் 0.85 வந்ததும் மகிழ்ந்துவிடுகிறார்கள். உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான். நேற்றைய காலநிலையில் சுருதி சேர்ந்த மாதிரி, வேறொரு காலநிலையிலும் சேர்ந்து ஒலிக்குமா? 1986-இல் வீட் க்ளெமெஷ் என்ற நீரியலாளர் ஓர் எளிய வழி சொன்னார். அளவீட்டில் ஈரமான ஆண்டுகளைத் தனியாகவும் வறண்ட ஆண்டுகளைத் தனியாகவும் பிரியுங்கள். வருங்காலம் வறண்டுபோகும் என்றால், ஈரமான ஆண்டுகளில் சுருதி சேர்த்து வறண்ட ஆண்டுகளில் சோதியுங்கள். பல மாதிரிகள் இதில் தடுமாறும். கேட்டால் இரண்டு நாள் கூடுதல் வேலைதான். ஆனால் இதைச் செய்யாத மதிப்பீட்டை நான் நம்பமாட்டேன்.

தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் நடந்தது இதற்குச் சான்று. அங்கே 1997 முதல் 2009 வரை நீண்ட வறட்சி நிலவியது. விக்டோரியா மாநிலத்தின் பல நீர்ப்பிடிப்புப் பகுதிகளில், அதே அளவு மழைக்கு முன்பு கிடைத்த ஓட்டம் அந்த ஆண்டுகளில் கிடைக்கவில்லை. ஆற்றின் குணமே மாறிவிட்டது. வறட்சி முடிந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் சில பகுதிகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. பழைய ஆண்டுகளில் சுருதி சேர்த்த எந்த மாதிரிக்கும் இது தெரிந்திருக்க வழியில்லை.

ஆவியாதலிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. வெப்பநிலையை மட்டும் வைத்து ஆவியாதலைக் கணக்கிடும் சூத்திரங்கள் எளியவை, தரவும் குறைவாகத்தான் கேட்கும். நேற்றைய காலநிலைக்கு அவை ஓரளவு போதும். எதிர்கால வெப்பத்தை அவற்றில் போட்டால் வறட்சியை மிகைப்படுத்திக் காட்டக்கூடும். சூரிய ஒளி, காற்று, ஈரப்பதம் ஆகியவற்றையும் சேர்க்கும் பென்மன்–மான்டீத் முறை அதைவிடப் பாதுகாப்பானது. அதிலும்கூட, கரியமில வாயு கூடும்போது இலைகள் தங்கள் துளைகளைச் சுருக்கி நீரை மிச்சம் பிடிப்பது சேர்வதில்லை. எந்தச் சூத்திரத்தை எடுத்தோம் என்பதே சில படுகைகளில் விடையின் திசையை மாற்றிவிடும்.

தொண்ணூறு விடைகள்

3 வெளியேற்றப் பாதைகள், 5 காலநிலை மாதிரிகள், 2 நுணுக்கும் முறைகள், 3 நீரியல் மாதிரிகள் என்று எடுத்தால் 90 விடைகள் வரும். அதிகாரி ஓர் எண்ணைத்தான் கேட்பார். இந்த இடத்தில்தான் நல்ல வல்லுநரும் அவசர வல்லுநரும் பிரிகிறார்கள்.

எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுக்கும் ஆசை வரும். பாதி மாதிரிகள் மழை 20 சதவீதம் கூடும் என்கின்றன, பாதி 20 சதவீதம் குறையும் என்கின்றன என்று வையுங்கள். சராசரி பூஜ்ஜியம். ‘மாற்றம் இல்லை’ என்று அறிக்கை போகும். எந்த ஒரு மாதிரியும் சொல்லாத ஒன்றை அறிக்கை சொல்லிவிட்டது! நேர்மையான வழி, வீச்சைக் காட்டுவது. எந்தத் திசையில் எத்தனை மாதிரிகள் ஒத்துப்போகின்றன என்று சொல்வது. வெப்பம் கூடும் என்பதில் எவ்வளவு உறுதி, மழை எப்படி மாறும் என்பதில் எவ்வளவு குறைவான உறுதி என்று பிரித்துச் சொல்வது. நிச்சயமின்மையைச் சொன்னால் தன் அறிவைக் குறைத்து மதிப்பிடுவார்கள் என்று இளம் பொறியாளர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தைப் பயிற்சியிலேயே போக்க வேண்டும்.

சங்கிலியைத் திருப்பிப் பிடிக்கும் முறையும் உண்டு. முதலில் படுகையைக் கேளுங்கள்: இந்த அணை எப்போது தவறும்? இந்த நகரத்துக்குக் குடிநீர் நிற்க மழை எத்தனை சதவீதம் குறைய வேண்டும்? அந்த வரம்பைக் கண்டுபிடித்த பிறகு, எத்தனை காலநிலை மாதிரிகள் நம்மை அந்த வரம்புக்கு அப்பால் தள்ளுகின்றன என்று பாருங்கள். 90 விடைகளும் இப்போது ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கும். லண்டனின் தேம்ஸ் முகத்துவாரத்துக்கு இந்தப் போக்கில் ஒரு திட்டம் வகுத்தார்கள். கடல்மட்டம் இந்த அளவு உயர்ந்தால் இந்த நடவடிக்கை, அதற்கு மேல் போனால் அடுத்தது என்று 2100 வரையிலான பாதைகள் அதில் உள்ளன. இன்றே எல்லாவற்றையும் கட்டிவிட வேண்டியதில்லை, ஆனால் கண்காணிப்பைக் கைவிடக்கூடாது. எனக்கு மிகவும் பிடித்த அணுகுமுறை இதுதான்.

பயிற்சி எப்படி இருக்க வேண்டும்

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1957 முதல் இயங்கும் ஐஹெச்இ போன்ற நீர்க் கல்வி நிறுவனங்களும், யுனெஸ்கோவின் நீரியல் திட்டமும், உலக வானிலை அமைப்பும் பல நாடுகளின் நீர் வல்லுநர்களுக்குப் பயிற்சி தருகின்றன. எங்கே நடந்தாலும், பயில்பவர் தன் சொந்தப் படுகையின் தரவோடு வர வேண்டும். பளபளப்பான எடுத்துக்காட்டுத் தரவில் எல்லாம் அழகாக ஓடும். சொந்தத் தரவில்தான் மூன்று ஆண்டு காணாமல் போயிருக்கும், மழைமானி இடம் மாறியிருக்கும், மரம் வளர்ந்து மறைத்திருக்கும். அந்த அழுக்கைக் கையாளத் தெரிவதே பாதிப் பயிற்சி.

ஒரு நல்ல பழக்கப் பாடம் சொல்கிறேன். 50 ஆண்டு அளவீட்டில் முதல் 30 ஆண்டுகளை மட்டும் பயில்பவரிடம் கொடுங்கள். அடுத்த 20 ஆண்டுகளை அவர் கணிக்கட்டும், தன் கணிப்பின் வீச்சையும் எழுதட்டும். பிறகு மறைத்ததைத் திறந்து காட்டுங்கள். தன் வீச்சு எவ்வளவு குறுகலாக இருந்தது என்று அவரே பார்ப்பார்.

இன்னொரு பாடம், காரணத்தைப் பிரித்தறிவது. ஆறு இளைத்தால் உடனே காலநிலை மாற்றம் என்று எழுதிவிடக் கூடாது. 1960-களுக்குப் பின் மத்திய ஆசியாவின் ஆரல் கடல் சுருங்கியதற்கு முதன்மைக் காரணம், அதை நிரப்பிய அமு தார்யா, சிர் தார்யா ஆறுகளின் நீர் பாசனத்துக்குத் திருப்பப்பட்டது. அணை, நிலத்தடி நீர் உறிஞ்சல், காடழிப்பு, நகர விரிவு ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகே மிச்சத்தைக் காலநிலையின் தலையில் வைக்கலாம். இதற்கு இப்போது நல்ல துணைகள் உண்டு: 2002-இல் ஏவப்பட்ட கிரேஸ் செயற்கைக்கோள் இணை, புவியீர்ப்பில் ஏற்படும் மிக நுண்ணிய மாற்றத்தை அளந்தே பெரிய படுகைகளில் நிலத்தடி நீர் குறைவதைக் காட்டியது. 2018 முதல் அதன் அடுத்த இணை அந்த வேலையைத் தொடர்கிறது.

பயில்பவரை ஒருமுறையாவது அளவை நிலையத்துக்கு அழைத்துப் போக வேண்டும். ஆற்றின் ஓட்டத்தைப் பெரும்பாலான இடங்களில் யாரும் நேரடியாக ஒவ்வொரு நாளும் அளப்பதில்லை. நீர்மட்டத்தை அளந்து, மட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் உள்ள வளைகோட்டைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். பெருவெள்ளத்தின்போது அளக்க ஆள் இறங்க முடியாததால், அந்த வளைகோட்டின் மேல்முனை பெரும்பாலும் ஊகம். அதாவது நாம் மிகவும் அஞ்சும் வெள்ளங்களின் அளவுதான் ஏட்டில் மிகவும் உறுதியற்றது. கரையில் நின்று அந்த அளவுகோலைப் பார்த்தவர், தன் மாதிரி அந்த உச்சத்தோடு அச்சொட்டாகப் பொருந்தினால் மகிழ்வதற்கு முன் ஒரு கணம் யோசிப்பார்.

கடைசியாக அறிக்கை. முடிவுகளோடு, எந்தத் தரவை எங்கிருந்து எடுத்தோம், எந்த ஆண்டுகளை நீக்கினோம், ஏன், எந்தச் சூத்திரம், எந்தத் திருகு எங்கே நிற்கிறது என்பதும் அதில் இருக்க வேண்டும். ஐந்தாறு ஆண்டுகளில் புதிய காலநிலை மாதிரிகள் வரும், ஆற்றில் புதிய அளவீடுகள் சேரும், மதிப்பீட்டை மறுபடி ஓட்ட வேண்டியிருக்கும். அதைச் செய்யப்போகிறவர் பெரும்பாலும் வேறொருவராக இருப்பார். அவர் முதல் நாள் கோப்பைத் திறந்து, யாரையும் கேட்காமல் பழைய 90 விடைகளையும் திரும்ப வரவழைக்க முடிய வேண்டும்.